பெட்டைக் குட்டி என்றால் வேண்டாமா?

கடந்த மார்கழித் தொடக்கத்தில், திருச்சி புறநகரில் உள்ள எங்கள் தெருக்கோடியில், பாதியில் நின்றுபோன ஒரு வீட்டின் படிக்கட்டுக்கு அடியில் தெருநாய் ஒன்று ஐந்து குட்டிகளை ஈன்றது. இரண்டு கடுவன், மூன்று பெட்டை. குட்டிகள் கண் திறந்து தள்ளாடி நடக்கத் தொடங்கியதும் ஆள்கள் வந்தனர். கையில் எடுத்த ஒவ்வொருவரும் முதலில் செய்தது, குட்டியை மல்லாத்திப் பார்த்ததுதான். கடுவன் என்று தெரிந்ததும் பால்காரர் ஒன்றைத் துண்டில் சுற்றி எடுத்துப் போனார். வெல்டிங் பட்டறைக்காரர் இன்னொன்றை எடுத்துக்கொண்டார். "மிச்சமெல்லாம் பொட்டை" என்று சொல்லிவிட்டு மற்றவர்கள் திரும்பிவிட்டனர். எஞ்சிய மூன்றில் ஒன்று தண்ணீர் லாரியின் பின்சக்கரத்தில் சிக்கியது. அதைப் பார்த்துவிட்டுப் பள்ளியிலிருந்து திரும்பிய என் மகள் அன்றிரவு சாப்பிடவில்லை.

இரண்டில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அதன் நிறத்தை வைத்து மகள் 'செவலை' என்று பெயரிட்டாள். வாசலில் நின்ற என் அம்மா கேட்ட முதல் கேள்வி, "பொட்டையா? நாளைக்கு இது போடுற குட்டிய யாரு பாக்குறது?" என்பதுதான்.

அம்மாவின் கேள்வியை நான் குறை சொல்ல முடியாது. 1986-இல் நான் ஏழாம் வகுப்பு படித்தபோது, லால்குடி அருகே எங்கள் ஊர் வீட்டில் வளர்ந்த நாய் போட்ட நான்கு குட்டிகளில் மூன்று பெட்டை. கடுவன் உடனே போய்விட்டது. மீதி மூன்றையும் ஒரு சாக்கில் போட்டு, அப்பாவின் சைக்கிளில் வைத்துக் கொள்ளிடத்தின் அக்கரைக்குக் கொண்டுபோய் விட்டோம். ஆற்றைத் தாண்டி விட்டுவிட்டால் நாய் வழி தெரிந்து திரும்பாது என்பது ஊர் வழக்கு. சாக்கை எடுத்துக் கொடுத்தவர் அம்மா. வழி முழுவதும் அதன் வாயைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தவன் நான். மணலில் அவிழ்த்துவிட்டதும் மூன்றும் எங்கள் பின்னாலேயே சிறிது தூரம் ஓடிவந்தன. எங்கள் ஊரில் இதைக் கொடுமை என்று யாரும் நினைத்ததில்லை. பெட்டைக் குட்டிக்கு அதுவே வழக்கமான முடிவு.

இந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கவே செய்கிறது. பெட்டை நாய் பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் முதல் முறையாகப் பருவத்துக்கு வருகிறது. அந்த இரண்டு, மூன்று வாரங்களில் தெருவிலுள்ள கடுவன் நாய்கள் எல்லாம் வீட்டு வாசலில் கூடிச் சண்டையிடும். சேர்ந்தால் ஏறத்தாழ 63 நாளில் குட்டிகள். இப்படி ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ நடக்கும். வளர்ப்பவர் இதற்கு அஞ்சுவது இயல்பு. ஆனால், ஒரேயொரு கருத்தடை அறுவை சிகிச்சையில் இந்தச் சிக்கல் முற்றிலும் தீர்ந்துவிடுகிறது. அந்த வசதி வந்து எத்தனையோ ஆண்டுகளாகியும் குட்டியை மல்லாத்திப் பார்க்கும் நம் கை மட்டும் மாறவில்லை.

வேண்டாம் என்று விலக்கப்படும் பெட்டைக் குட்டிகள் எங்கே போகின்றன? பெரும்பாலானவை இறந்துவிடுகின்றன. மேற்கு வங்கத்தில் 364 தெருநாய்க் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்த கொல்கத்தா ஐசர் ஆய்வாளர்கள், அவற்றில் 19 விழுக்காடு மட்டுமே ஏழு மாத வயதை, அதாவது இனப்பெருக்க வயதை, எட்டியதாக 2016-இல் எழுதினர். நேர்ந்த இறப்புகளில் 63 விழுக்காட்டுக்கு மனிதர்களே ஏதோ ஒரு வகையில் காரணம் என்றும் அவர்கள் கண்டனர். பிழைத்துக்கொள்ளும் சிலவற்றில் உள்ள பெட்டைகளே அடுத்த ஆண்டின் தாய்கள். கொள்ளிடத்து மணலில் நாங்கள் விட்ட மூன்றில் ஒன்று தப்பியிருந்தாலும், அக்கரை ஊரில் அடுத்த மார்கழிக்கு ஐந்தாறு குட்டிகளுக்கு நாங்கள் வழிசெய்திருப்போம். தெருநாய்த் தொல்லை என்று நாம் இன்று பேசுவதில் ஒரு பங்கு, வீடுகளிலிருந்து இப்படிச் சாக்கில் புறப்பட்டது.

நாட்டில் தெருநாய்களின் எண்ணிக்கை, 2019-இல் எடுக்கப்பட்ட இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி, ஏறத்தாழ 1.53 கோடி. இவற்றை வீடுகளில் தத்தெடுத்தே தீர்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அது கணக்குத் தெரியாத பேச்சு. தத்தெடுப்பை ஆதரிப்பவர்கள் சிலர் அப்படித்தான் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால், ஒரு பெட்டைக் குட்டியை எடுத்து, உரிய வயதில் கருத்தடை செய்து வளர்க்கும் வீடு, தெருவிலிருந்து ஒரு நாயை மட்டும் குறைப்பதில்லை. அந்த நாயின் வழியே வரக்கூடிய ஒரு தலைமுறையையே குறைக்கிறது. கடுவன் குட்டியை எடுத்தால் இந்தப் பயன் கிடைப்பதில்லை. ஒரு கடுவன் குறைந்தால் அதன் இடத்தை இன்னொன்று நிரப்பிவிடும்.

இது சொல்வதற்கு எளிது. செய்யும்போது முதல் நூறு நாளில் என்னென்ன நேரும் என்பதை நான் அறியாமலே தொடங்கினேன். இரண்டு பிழைகளைச் செய்தேன். அவற்றில் ஒன்று செவலையின் உயிரையும் மற்றொன்று என் மகளின் உயிரையும் தொட்டவை.

முதலில் மகளைப் பற்றியது. செவலை வந்த மூன்றாம் நாள், விளையாட்டில் அதன் பல் அவள் விரலில் பட்டு ஒரு துளி ரத்தம் வந்தது. குட்டிகளின் பற்கள் ஊசிபோல இருக்கும். கடிப்பதே அவற்றின் விளையாட்டு. அம்மா மஞ்சள் வைக்கச் சொன்னார். நானும் "குட்டிதானே" என்று இருந்துவிட்டேன். மறுநாள் மாலை வேறு வேலையாக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனபோது அங்கிருந்த செவிலியரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

அவர் விளக்கியது இதுதான். ரேபிஸ் கிருமிக்கு நாயின் வயது தெரியாது. தாய்க்குத் தடுப்பூசி போடப்பட்டதா, குட்டியை வேறு நாய் கடித்ததா என்று எதுவும் தெரியாத தெருக்குட்டியின் பல் பட்டு ரத்தம் வந்தால், அது பெரிய நாயின் கடிக்குச் சமம். காயத்தை உடனே ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் கூடாது. தோலுக்குள் போடும் தடுப்பூசியாக இருந்தால், முதல் நாள், அதிலிருந்து மூன்றாம், ஏழாம், இருபத்தெட்டாம் நாள்கள் என நான்கு தவணை. ரத்தம் வந்த காயமானால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் செலுத்துவார்கள். தடுப்பூசி வேலைசெய்யத் தொடங்கும்வரை அது காவல். நாயைப் பத்து நாள் கவனிப்பது நல்லதுதான். ஆனால், பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று காத்திருக்கக் கூடாது. ஏனெனில், ரேபிஸின் அறிகுறி தோன்றிவிட்டால் அதன்பின் ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை. உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் இதில் இறப்பதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நம் நாட்டினர். அவர்களில் குழந்தைகள் மிகுதி. சிறு கீறலைப் பெற்றோரிடம் மறைக்கும் வழக்கமும் இதற்குக் காரணம். நாயை வீட்டைவிட்டு அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சத்தில் குழந்தைகள் சொல்வதில்லை. என் மகள் சொன்னாள். அலட்சியம் செய்தவன் நான்.

அன்றே அவளுக்கு ஊசி போடப்பட்டது. நான்கு தவணையும் முடிந்தது. செவலைக்குப் பன்னிரண்டு வாரம் ஆனதும் ரேபிஸ் தடுப்பூசி போட்டோம். அதற்குமுன் போட்டால் பலன் உறுதியில்லை என்பதால் அதுவரை காத்திருக்க வேண்டும். குட்டியை எடுக்கும் குடும்பத்தினர், குறிப்பாகக் குழந்தைகள், மருத்துவரிடம் கேட்டு முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்ள முடியும் என்பதும் எனக்குப் பின்னரே தெரிந்தது.

இரண்டாவது பிழை பார்வோ. தெருவில் விட்டுவந்த செவலையின் உடன்பிறப்புக்கு ஒவ்வொரு மாலையும் நான் சோறு வைத்துவந்தேன். இரண்டாவது வாரம் அது சோற்றைத் தொடவில்லை. மறுநாள் ரத்தம் கலந்த கழிச்சலில் கிடந்தது. அதற்கு மறுநாள் இறந்துவிட்டது. நான்கு நாள் கழித்துச் செவலை வாந்தி எடுத்தது. கால்நடை மருத்துவர் பார்த்த மாத்திரத்தில் கேட்டார்: "அந்தக் குட்டிக்குச் சோறு வைத்துவிட்டு அதே செருப்போடு வீட்டுக்குள் வந்தீர்களா?"

நாய்களைத் தாக்கும் பார்வோ வைரஸ் 1978-இல்தான் உலகுக்குத் தெரியவந்தது. மனிதருக்கு இது தொற்றாது. ஆனால், நோயுற்ற குட்டியின் மலத்திலிருந்து மண்ணில் கலந்து பல மாதங்கள் உயிர்ப்புடன் கிடக்கும். செருப்பிலும் சக்கரத்திலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு வரும். கைகளில் தடவும் சானிடைசருக்கு இது சாவதில்லை; பிளீச்சிங் கரைசலுக்குச் சாகும். இந்த வைரஸை நேரடியாகக் கொல்லும் மருந்தென்று வழக்கத்தில் எதுவும் இல்லை. உடல் இழக்கும் நீரை ஊசி வழியே ஏற்றி, வாந்தியை நிறுத்தி, குடலிலிருந்து வேறு கிருமிகள் ரத்தத்தில் பரவாமல் தடுத்து, குட்டியின் உடல் தானே போராடி மீளும்வரை தாக்குப்பிடிக்கச் செய்வதே சிகிச்சை.

"தடுப்பூசி போட்டிருந்தோமே" என்றேன். முதல் ஊசி போட்டு ஒரு வாரத்துக்குமேல் ஆகியிருந்தது. மருத்துவர் சொன்ன விளக்கம், தத்தெடுக்கும் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. பிறந்தவுடன் குடிக்கும் சீம்பாலின் வழியே தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்கள் குட்டிக்குக் கிடைக்கின்றன. அவை வாரம் ஏற ஏறக் குறைந்துவருகின்றன. அவை மிகுதியாக இருக்கும்வரை, நாம் போடும் தடுப்பூசியையும் செயலிழக்கச் செய்துவிடும். நோயைத் தடுக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்ட பிறகும், தடுப்பூசியைக் கெடுக்கும் அளவுக்கு எஞ்சியிருக்கும் ஓர் இடைக்காலம் உண்டு. குட்டிக்குக் குட்டி அது மாறுபடும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறாம் வாரம்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ஒரு ஊசி போட்டதும் காரியம் முடிந்தது என்று நினைத்துத் தெருவுக்குக் கூட்டிச்சென்று குட்டியை இழந்தவர்கள் ஏராளம்.

ஐந்து நாள் செவலைக்குக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். காலையும் மாலையும் ஆட்டோவில் கொண்டுபோய் வந்தோம். முன்னங்காலில் ஊசி குத்த இடமில்லாமல் போயிற்று. ஆறாம் நாள், அம்மா கையில் வைத்திருந்த கஞ்சித் தண்ணீரை நக்கியது. அந்த மாதம் மட்டும் 11,000 ரூபாய்க்குமேல் செலவாயிற்று. இதைக் கணக்குச் சொல்லிக் காட்டுவதற்காக எழுதவில்லை. 'தெருக்குட்டி இலவசம்' என்ற எண்ணத்தோடு யாரும் எடுத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். அரசுக் கால்நடை மருத்துவமனையை நாடினால் செலவு வெகுவாகக் குறையும். எங்களுக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

"அன்றைக்கே ரெண்டையும் தூக்கிட்டு வந்திருக்கலாமேப்பா" என்று மகள் கேட்டாள். ஒன்றுக்கே தயங்கிய வீடு இது என்று சொல்லிப் பார்த்தேன். அவள் ஏற்றுக்கொள்ளவில்லை.

உணவைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பசும்பால் ஊற்றுவதுதான் நம் வழக்கம்; பால் மறந்த குட்டிகள் பலவற்றுக்கு அது கழிச்சலைத் தரும். சோற்றோடு வேகவைத்த முட்டை, எலும்பில்லாத கோழி, சிறிது தயிர் ஆகியவை ஒத்துக்கொண்டன. வெங்காயம் சேர்ந்த குழம்பு, திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. காய்ச்சல் என்று நம் மாத்திரையை உடைத்துக் கொடுப்பது அதைவிட ஆபத்து. குடற்புழு மருந்தைத் தவறாமல் கொடுக்க வேண்டும். உண்ணி பிடிக்காமலும் பார்க்க வேண்டும்.

ஆனால், பழக்கத்தைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்காவது வாரம்வரை, குட்டி எதையெல்லாம் அச்சமின்றிப் பார்க்கிறதோ அதெல்லாம் பிற்காலத்தில் அதற்கு இயல்பானதாகிவிடும். அந்தக் காலத்தில் பார்க்காதவை அச்சம் தருபவையாகலாம். கடிக்கும் நாய்களில் பல, அஞ்சிய நாய்களே. இங்குதான் சங்கடம். தடுப்பூசிகள் முடியும்வரை குட்டியைத் தெருவில் இறக்கக் கூடாது. அவை முடிவதற்குள் பழகும் காலமும் முடிந்துவிடுகிறது. மருத்துவர் சொன்ன வழி எளியது: தரையில் விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். நோய் தெளிந்தபின் என் மகள் செவலையைத் துணிப்பையில் வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு உலவினாள். பேருந்து, குக்கர் விசில், தலைக்கவசம் அணிந்தவர், கைத்தடி ஊன்றிய முதியவர், மீன்காரரின் ஒலிபெருக்கி என எல்லாவற்றையும் அது பைக்குள்ளிருந்து தலைநீட்டிப் பார்த்தது. இதே காரணத்தால், குட்டியை எட்டு வாரத்துக்குமுன் தாயிடமிருந்து பிரிக்கவும் கூடாது. கடியின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தத் தாயும் உடன்பிறப்புகளுமே கற்றுத்தருகின்றன.

இவ்வளவையும் செய்ய முடியாதவர்கள் தத்தெடுக்க வேண்டாம் என்றே நான் சொல்வேன். அது கல்நெஞ்சம் ஆகாது. நாய் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் வாழும். விடுமுறைக்கு வாங்கிப் பள்ளி திறந்ததும் சலித்துப்போகும் பொருளல்ல அது. நம் ஊர் வெயிலில் அடர்ந்த மயிர் கொண்ட குளிர்நாட்டு இனங்களை வாங்கி, மொட்டை மாடியில் கட்டிவைத்துவிட்டு, பின்பு இரவோடிரவாக நெடுஞ்சாலையில் இறக்கிவிடுபவர்களையும் நாம் காண்கிறோம். நம் தெருக்குட்டிக்குக் குறைந்தது அந்த வெயில் பழக்கமானது.

தெருநாய்கள் பற்றிய விவாதம் கடந்த ஓராண்டாக நீதிமன்றங்களிலும் தொலைக்காட்சிகளிலும் கொதித்துக்கொண்டிருக்கிறது. 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, தில்லி வட்டாரத்துத் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க உத்தரவிட்டது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விட வேண்டும். ரேபிஸ் உள்ளவையும் மூர்க்கமானவையும் மட்டும் விலக்கு என்றது. நவம்பரில், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து பிடிப்பவற்றை அங்கேயே திரும்ப விடக் கூடாது என்றும் உத்தரவிட்டது. இவற்றில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி ஆகஸ்ட் 22 உத்தரவில் இருக்கிறது. விலங்கு ஆர்வலர்கள் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தெருநாய்களைத் தத்தெடுக்கலாம். அப்படி எடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்ப்பது எடுத்தவரின் பொறுப்பு. உணவிடுவோரும் எதிர்ப்போரும் ஒருவரையொருவர் ஏசிக்கொண்ட இரைச்சலில் இது அமுங்கிப்போனது.

தத்தெடுப்பதை ஊக்குவிக்கும் உள்ளாட்சிகள், எடுப்பவருக்குக் கையோடு கருத்தடைக்கான நாளையும் எழுதிக் கொடுத்தால் நல்லது. 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தெருநாய்களுக்கு இதைச் செய்வது அவற்றின் கடமை. வீட்டு நாய்க்கு அது வளர்ப்பவர் பொறுப்பு. அந்த இடைவெளியில்தான் பலர் தள்ளிப்போட்டு, ஒரு ஈற்றுக்குப் பிறகு விழித்துக்கொள்கிறார்கள். 'ஒரு முறையாவது குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது' என்ற பேச்சும் இதற்குத் துணை. அதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை.

செவலையின் தாயைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அது யார் கைக்கும் அகப்படாது. மாநகராட்சிக்கு நாங்கள் மூன்று முறை எழுதியபின், சித்திரையில் வலை வண்டி வந்தது. சில நாள் கழித்து அதே தெருமுனையில் கொண்டுவந்து விட்டார்கள். கருத்தடை ஆனதற்கு அடையாளமாகக் காது நுனியில் சிறு வெட்டு. இப்போது மாலைதோறும் எங்கள் வாசலுக்கு வந்து செவலையைக் கம்பிக் கதவு வழியே முகர்ந்துவிட்டு, வைத்ததைத் தின்றுவிட்டுப் போகிறது. அந்த வீட்டின் படிக்கட்டுக்கு அடியில் மீதிக் கட்டுமானத்துக்கான செங்கல் அடுக்கிவிட்டார்கள்.

செவலைக்கு ஆறு மாதம் ஆகிறது. வரும் வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. முந்தைய இரவு பத்து மணிக்குமேல் உணவு தரக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். தட்டைக் கண்டால் அது கத்துமே, எங்கே ஒளித்துவைப்பது என்று அம்மா இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்.